டிடெக்டர் கத்துது, தோண்டினா வெறும் கல்லுதான் வருது. மெஷின் கோளாறா? (அவசரம்)

நோவை_செந்தில்

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா கேக்குறேன். மெட்டல் டிடெக்டரோட காப்பர் தேட வந்திருக்கேன். மெஷின் நல்லா கத்துது, எந்த உலோகம்னு திரையில காட்டுற நம்பரும் மேலயே நிக்குது. ஆசையா தோண்டினா கறுப்பா, அங்கங்க பச்சை பூத்த ஒரு கல்லு வருது. அதை ஓரமா போட்டுட்டுக் குழிக்குள்ள துழாவினா ஒண்ணுமே இல்ல. காலையிலேருந்து இதே கதை. நாளைக்கு மதியம் கிளம்பணும். மெஷின் போச்சா, இல்ல இந்த மண்ணுலயே ஏதாவது இருக்கா? எந்த செட்டிங்கை மாத்தணும்? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

மெட்டல்மணி

தம்பி, ஊரு சொல்லல, மெஷின் சொல்லல, நம்பர் எவ்வளவுன்னும் சொல்லல. "மேல"ன்னா 70-ஆ 95-ஆ?

இருந்தாலும் எனக்குத் தோணுறதைச் சொல்றேன். இது ஹாட் ராக். எரிமலைப் பாறையில மேக்னடைட் கலந்திருக்கும். சுத்தியிருக்கிற மண்ணை விட அந்தக் கல்லுல அது கூடுதலா இருந்தா மெஷின் ஏமாந்துடும். நெவாடாவுல தங்கம் தேடுறப்போ இந்தத் தொல்லை எனக்கு நிறைய. சென்சிடிவிட்டியை ரெண்டு மூணு படி இறக்குங்க. சுத்தமான இடமா பாத்து காயிலை (தரை மேல ஆட்டுற அந்த வட்டை) மேலயும் கீழயும் அசைச்சு, மண்ணோட சத்தத்தைக் கழிக்கிற கிரவுண்ட் பேலன்ஸ் திரும்பப் போடுங்க. அடங்கிடும்.

ஸ்கார்பரோ_அண்ணை

வணக்கம் செந்தில். எங்க நிண்டு தோண்டுறீங்கள் எண்டு சொல்லேல்லையே. மிச்சிகனில செம்புக்குப் பேர்போன கீவினாத் தீபகற்பப் பக்கமோ? அப்பிடியெண்டால் ஒரு விசயம். அந்தக் கல்லைக் குழியில இருந்து தள்ளி வைச்சு, அதுக்கு மேல காயிலை ஆட்டிப் பாத்தனீங்களோ? குழிக்குள்ள சத்தம் நிண்டிட்டுது எண்டால், சத்தம் போட்ட சாமான் வெளியில வந்திட்டுது எண்டுதான் அர்த்தம். கல்லை எறிஞ்சு போடாதேங்கோ.

கனிமவேள்

இந்தக் கேள்விக்கு இதே குழுவில் நான் விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் வரவேண்டும். இடம், கருவி, எண், ஆழம், படம் ஆகிய ஐந்தும் இல்லாத பதிவுக்கு விடை சொல்வது வீண் வேலை.

கறுப்பு நிறம், பச்சைக் கறை, கனம், உயர்ந்த எண் ஆகிய நான்கும் ஒருங்கே வந்தால் அது உருக்காலைக் கசடு. செம்பு உருக்கிய ஊர்களில் கசடு எங்கும் கிடக்கும். உள்ளே சிறு செம்பு மணிகள் மாட்டிக்கொண்டிருக்கும், கருவி அவற்றைப் பார்த்துத்தான் கத்தும். புதியவர்கள் அனைவரும் முதலில் ஏமாறுவது இதில்தான்.

விண்கல்_வேலு

கறுப்புத் தோல், கனம், மெஷின் கத்துது. நண்பரே, விண்கல்லா இருக்கலாம்! ஒரு ஓரத்தைத் தேய்ச்சுப் பாருங்க. உள்ள வெள்ளி நிறம் வந்தா சொல்லுங்க.

மெட்டல்மணி

வேலு, பச்சை பூத்திருக்குன்னு அவரே சொல்றாரு. இரும்பு விண்கல் துரு ஏறி பழுப்பாத்தான் ஆகும். பச்சை எங்கேருந்து வரும்?

நோவை_செந்தில்

மன்னிக்கணும், வெளிய சிக்னல் இல்ல. மிச்சிகன்தான். நோவையிலேருந்து மெக்கினாக் பாலம் தாண்டி வந்தோம், கலூமெட் பக்கம் ஒரு கேபின்ல தங்கியிருக்கோம். மெஷின் காரெட் ஏடி ப்ரோ, ஆபீஸ் நண்பர்கிட்ட இரவல். நம்பர் 83-லேருந்து 88 வரைக்கும் போகுது. ஆழம் முழங்கை அளவு கூட இல்ல. நிறைய கல்லை அங்கேயே விட்டுட்டேன். ஒண்ணு மட்டும் எடுத்து வந்திருக்கேன், தேங்காய் மூடி அளவு இருக்கும். காந்தம் கைவசம் இல்ல. படம் ஏத்த முடியல, ரெண்டு கோடுதான் காட்டுது.

மெட்டல்மணி

83-88ன்னா ஹாட் ராக்காவும் இருக்கலாம், பெரிய இரும்பாவும் இருக்கலாம். தட்டையான பெரிய இரும்புத் தகடு ஏடி ப்ரோவுல கீழ் நம்பருக்குப் பதிலா மேல் நம்பர் காட்டும். இரும்புக்குத் தனிச் சத்தம் கொடுக்கிற அயர்ன் ஆடியோவை ஆன் பண்ணிக் கேளுங்க. ஓரத்துல கரகரன்னு தாழ்ந்த சத்தம் கலந்தா இரும்பு. சுரங்கம் இருந்த ஊரு, தண்டவாளத் துண்டு, வாளி வளையம்னு எதுவும் கிடக்கும்.

ஹௌட்டன்_தாரணி

செந்தில் அண்ணா, நான் இங்க ஹௌட்டன்லதான் இருக்கேன், நீங்க இருக்கிற இடத்துலேருந்து அரை மணி நேரம். நம்பரும் இடமும் சொல்லிட்டீங்க, இனிமே பேசலாம்.

மணி அண்ணா சொல்ற ஹாட் ராக் இங்கேயும் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா அது 83-88ல நிலையா நிக்காது. ஒரு பக்கம் ஆட்டினா கேக்கும், திரும்பி வர்றப்போ கேக்காது. நீங்க கால் வட்டம் சுத்தி நின்னு ஆட்டினா காணாமப் போயிடும். காயிலைக் கொஞ்சம் உயர்த்தினாலே செத்துடும். உங்களுக்கு வர்றது நாலு பக்கமும் ஒரே மாதிரி கேக்குதான்னு முதல்ல பாருங்க.

கீவினா செம்பு தனியா, சுத்தமா, கையில எடுத்து வெச்ச காசு மாதிரி வராது. இங்க இருக்கிறது ஏறக்குறைய 110 கோடி வருஷத்துக்கு முந்தின எரிமலைக் குழம்பு ஓட்டங்கள், ஒண்ணு மேல ஒண்ணா. ஒவ்வொரு ஓட்டத்தோட மேல்பக்கத்துலயும் வாயு வெளியேறின குமிழி ஓட்டைகள் இருக்கும். ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல சில இடத்துல கூழாங்கல் படிஞ்சு இறுகின பாறை இருக்கும். குறுக்கால விரிசல்கள் ஓடும். பின்னாடி வந்த சூடான நீர் இந்த மூணுலயும் செம்பைக் கொண்டுவந்து நிரப்பிட்டுப் போச்சு. அதனால கல்லும் செம்பும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னித்தான் கிடக்கும். மேல்தோல் வெறும் பாறையா தெரியும், உள்ள விரல் தடிமன்ல செம்பு ஓடும். நீங்க கல்லையும் செம்பையும் வேற வேறயா நினைச்சுத் தேடினா குழியில ஒண்ணும் கிடைக்காது.

இன்னொண்ணு. காயில் அனுப்புற காந்தப்புலம் உலோகத்துக்குள்ள சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும், மெஷின் அதைத்தான் கேக்குது. அந்த மின்னோட்டம் சுத்தி வர தொடர்ச்சியான உலோகம் வேணும். பொடிப் பொடியா சிதறின செம்பு எவ்வளவு இருந்தாலும் மெஷின் வாயே திறக்காம போகலாம். 85 காட்டுதுன்னா உள்ள ஒரே துண்டா ஏதோ ஒண்ணு இருக்கு. அது செம்பா, குப்பையாங்கிறதுதான் மிச்சக் கேள்வி.

கேபின்ல ஃபிரிட்ஜ் மேல ஒட்டுற காந்தம் இருக்குமே, அதைக் கல்லு முழுக்க ஓட்டிப் பாருங்க. பேனாக்கத்தி நுனியால யாருக்கும் தெரியாத ஒரு மூலையில லேசா சுரண்டுங்க. செம்புன்னா கத்தி வழுக்காம மெதுவா கீறும், சால்மன் மீன் நிறத்துல பளிச்சுன்னு தெரியும். மஞ்சளா தெரிஞ்சா பித்தளை. பச்சையையும் சுரண்டுங்க. தூளா உதிர்ந்தா களிம்பு. பிஸ்தா பச்சையா இருந்து கத்திக்கே மசியலன்னா அது எபிடோட்னு ஒரு கனிமம், இங்க செம்பு கூடவே வரும்.

கனிமவேள்

நீண்ட விரிவுரை. ஆனால் கசடு என்ற சாத்தியத்தைத் தங்கை தாரணி தொடவே இல்லை. கசடிலும் செம்பு உண்டு, களிம்பு உண்டு, காந்தம் ஒட்டாமலும் இருக்கும். கத்தியால் சுரண்டினால் அதே சால்மன் நிறம் வரும். பிறகு எப்படிப் பிரிப்பது?

ஹௌட்டன்_தாரணி

நல்ல கேள்வி சார். கசடு கண்ணாடி மாதிரி உடையும், உள்ள உருண்டை உருண்டையா காத்துக் குமிழி தெரியும், செம்பு மணி மணியா நிக்கும். இயற்கைச் செம்பு கிளையா, தகடா, கூர் கூரா பாறையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். பக்கத்துல வெள்ளைக் கால்சைட்டோ குவார்ட்ஸோ ஒட்டியிருந்தா சந்தேகமே வேண்டாம். உலையில இருந்து வந்ததுல அது இருக்காது.

இடத்தையும் பாருங்க. உருக்காலைகள் பெரும்பாலும் தண்ணி ஓரமா இருந்தவை. ஹேன்காக் பக்கத்துல ரிப்லியில இருக்கிற குவின்சி உருக்காலை போர்ட்டேஜ் கால்வாய்க் கரையிலதான் நிக்குது. கலூமெட் மேட்டுல, மரத்துக்கு நடுவுல, முழங்கை ஆழத்துல கசடு தேடி வர வேண்டிய அவசியம் இல்ல.

பாறைப்பித்தன்

தாரணி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குறேன். செந்திலுக்குக் கிடைச்சது உருண்டு மழுங்கின கல்லா, கூர் முனையோட உடைஞ்ச கல்லா? மழுங்கியிருந்தா அது பனிப்பாறை இழுத்துவந்த செம்பு. இங்க அதை ஃப்ளோட் காப்பர்னு சொல்வாங்க. பனியுகத்துல பனிப்பாறை இந்தச் செம்பைப் பிடுங்கித் தெற்கே தள்ளிக்கிட்டே போச்சு. விஸ்கான்சின், இல்லினாய், இந்தியானா வரைக்கும் வயல்ல உழுறவங்க கையில கிடைச்சிருக்கு. கூர் முனையா இருந்தா சுரங்கக் கழிவுக் குவியல்ல இருந்து வந்தது.

பெரிய ஃப்ளோட் துண்டு பாக்கணும்னா ஹௌட்டன்ல ஏ. ஈ. சீமன் கனிம அருங்காட்சியகத்துக்குப் போங்க. சுப்பீரியர் ஏரி அடியிலேருந்து 2001-ல தூக்கின செம்புப் பாளம் அங்க இருக்கு, டன் கணக்குல எடை. கிட்ட நின்னு கையை வெச்சா பனிப்பாறை அரைச்ச கீறல் விரல்ல தட்டுப்படும். அதை விடப் பழைய கதை ஒண்டனாகன் பாறை. 3,708 பவுண்ட் எடை. ஒண்டனாகன் ஆத்தங்கரையில கிடந்ததை இந்தப் பகுதிப் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் தலைமுறை தலைமுறையா புனிதமா பாத்துவந்தாங்க. 1843-ல டெட்ராய்ட் வியாபாரி ஜூலியஸ் எல்ட்ரெட் காட்டுக்குள்ள தண்டவாளத் துண்டு போட்டு, பின்னால கழட்டி முன்னால மாட்டி நகர்த்திக் கொண்டுபோனாரு. கடைசியில அரசாங்கம் எடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பிடுச்சு. இப்ப அங்க ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு. அந்த மக்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கணும்ங்கிறது என் எண்ணம்.

சுரண்டுறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள், செந்தில். துண்டு வேல் முனை, ஊசி, பிறைவடிவக் கத்தி மாதிரி எந்த வடிவத்துலயாவது இருந்தா கத்தியே வைக்காதீங்க. ஆறாயிரம் வருஷத்துக்கும் முன்னாடியே இங்க இருந்த மக்கள் இந்தச் செம்பை உருக்காம, சூடாக்கிச் சூடாக்கித் தட்டியே கருவி செஞ்சிருக்காங்க. அப்படி ஒண்ணுன்னா அது எடுத்துக்கிட்டு வர்ற பொருள் இல்ல. இருந்த இடத்துலயே விட்டு, படம் பிடிச்சுச் சொல்லணும்.

ஸ்கார்பரோ_அண்ணை

எல்லாரும் கல்லைப் பற்றிக் கதைக்கிறம், காணி ஆற்றை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. செந்தில், ஆரிட்டை அனுமதி வாங்கினனீங்கள்? ஒண்டாரியோப் பக்கம் மமேய்ன்ஸ் முனையிலயும் செம்பு இருக்கு. அங்க நான் போகேக்க முதல் வேலை காணிக்காரரைக் கண்டுபிடிக்கிறதுதான்.

ஹௌட்டன்_தாரணி

அண்ணன் கேட்டது ரொம்ப முக்கியம். இங்க மரக் கம்பெனிக்காரங்க நிலம் நிறைய. வணிகக் காட்டுச் சட்டத்துல பதிஞ்ச நிலத்துல வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் யார் வேணா போகலாம், ஆனா கல்லு பொறுக்க அந்த அனுமதி செல்லாது. இதைத் தெரியாமத்தான் பாதிப் பேர் உள்ள போறாங்க. மாநில அரசு நிலத்துல சொந்த உபயோகத்துக்கு ஒரு ஆளுக்கு வருஷம் 25 பவுண்ட்தான் கணக்கு. மெட்டல் டிடெக்டருக்கு மாநிலப் பூங்காவுல தனி இடம் ஒதுக்கியிருப்பாங்க, கேட்டுட்டுப் போகணும். சுப்பீரியர் ஏரித் தீவான ஐல் ராயல் தேசியப் பூங்காவுல ஒரு கூழாங்கல் கூட எடுக்கக் கூடாது.

இன்னொரு பயம் எனக்கு. கலூமெட் சுத்தி மூடின சுரங்கக் குழிகள் நிறைய. பழைய மரத்தால மூடி மேல மண் தள்ளினதும் இருக்கு. தரை கிண்ணம் மாதிரி உள்வாங்கியிருந்தா, வேலி அறுந்து கிடந்தா, கிட்டவே போகாதீங்க. குழந்தைங்க கூட வந்திருந்தா இன்னும் கவனம்.

கோவை_ரகு

படிக்கப் படிக்க ஆசையா இருக்குங்க. நம்ம ஊர்ல இப்படி டிடெக்டர் வாங்கிட்டுக் காட்டுல செம்பு தேடலாமுங்களா? யாராவது சொல்லுங்க.

கனிமவேள்

கூடாது, பயனும் இல்லை. இந்தியச் செம்பு பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்த கனிமமாகவே கிடைக்கிறது. கேத்ரி, மலஞ்ச்கண்ட், சிங்பும் எல்லாம் அவ்வகை. பழைய தென்னார்க்காட்டு மாமண்டூரிலும் ஈயம், துத்தநாகத்தோடு அப்படித்தான். அதைக் கருவி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மண்ணில் புதைந்த பொருள் கிடைத்தால் 1878 புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும். தொல்லியல் இடங்களில் தோண்டுவது அதைவிடப் பெரிய குற்றம். ஆசையை இங்கேயே விடுங்கள்.

கோவை_ரகு

சரிங்க, விளங்கிடுச்சு. நன்றிங்க.

விண்கல்_வேலு

கிடைச்சது செம்புன்னா கவலையே வேண்டாம், புளி போட்டு ஊற வெச்சு உப்புத் தூவித் தேய்ங்க. எங்க அம்மா ஆடி வெள்ளிக்குக் குத்துவிளக்கையும் செம்புக் குடத்தையும் அப்படித்தான் பண்ணுவாங்க, ஒரு நிமிஷத்துல தகதகன்னு வந்துடும்.

பாறைப்பித்தன்

வேலு, தயவுசெஞ்சு வேண்டாம். குடம் தேய்க்கிறது தினம் புழங்குற பாத்திரத்துக்கு. இது ஆயிரக்கணக்கான வருஷமா மண்ணுல கிடந்து மேல ஒரு தோல் பூத்த கனிமம். சிவப்புக் குப்ரைட் (செம்பு ஆக்சைடு), கறுப்பு, பச்சைன்னு அடுக்கடுக்கா இருக்கிற அந்தத் தோல்தான் அதோட வரலாறு. தேய்ச்சுட்டா திரும்ப வராது.

மெட்டல்மணி

இதுல என்ன தப்பு? அவர் கல்லு, அவர் தேய்க்கிறாரு. கீவினா கடைகள்லயே பளபளன்னு தேய்ச்சுத்தானே விக்கிறாங்க? புளியில இருக்கிறது டார்டாரிக் அமிலம். செம்பை விட்டுட்டுக் களிம்பை மட்டும் கரைக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊத்துறவங்களை விட இது ஆயிரம் மடங்கு மேல்.

பாறைப்பித்தன்

புளியோட நின்னா ஒரு அளவுக்குச் சரி. உப்புதான் பிரச்சனை. உப்புல இருக்கிற குளோரைடு செம்போட விரிசல்ல போய் உக்காந்துக்கும். ஈரம் பட்டா வெளிர்பச்சையா திரும்பத் திரும்பப் பூக்கும், செம்பை அரிச்சுக்கிட்டே இருக்கும். வீட்டுக் குடத்தை அடுத்த வாரமே மறுபடி தேய்ச்சுடுவீங்க, தெரியாது. அலமாரியில வெச்ச கல்லுல ஒரு வருஷம் கழிச்சுத் தெரியும். அமிலம் பட்டா கூட இருக்கிற கால்சைட் நுரைச்சுக் கரைஞ்சு போயிடும், அது தனி. சில துண்டுல செம்பு கூடவே வெள்ளியும் ஒட்டியிருக்கும், உலகத்துலேயே அபூர்வமான சேர்க்கை. களிம்புக்கு அடியில மறைஞ்சு கிடக்கிற அந்த வெள்ளைப் புள்ளி தெரியாம கம்பி நார் போட்டுத் தேய்ச்சா போச்சு.

மெட்டல்மணி

அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க? மண்ணோட ஷெல்ஃப்ல வைக்கணுமா?

பாறைப்பித்தன்

வெதுவெதுப்பான தண்ணி, பழைய பல் துலக்கும் பிரஷ், பொறுமை. ஊற வெச்சு ஊற வெச்சு மண்ணை மட்டும் எடுங்க. அதுக்கு மேல வேணும்னா முதல்ல ஒரு சின்னத் துண்டுல சோதிச்சுட்டு, பிறகு யோசிங்க. புளியே போட்டாலும் உப்பு இல்லாம போட்டு, சமையல் சோடாத் தண்ணியில ஊற வெச்சு அமிலத்தை முறிச்சு, நல்ல தண்ணியில பல தடவை அலசிக் காய வைக்கணும்.

கனிமவேள்

செந்தில் கல்லையே இன்னும் உறுதி செய்யவில்லை. அதற்குள் துலக்குவது பற்றிச் சண்டை. உறுதி செய்ய ஒரே வழி அடர்த்தி. சமையல் தராசு, பாத்திரம், நூல் போதும். கல்லை எடை போடவும். பாத்திரத்தில் நீர் நிரப்பித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கவும். கல்லை நூலில் கட்டி, அடி தொடாமல், முழுதும் மூழ்கும்படி நீரில் தொங்கவிடவும். அப்போது தராசு காட்டும் கிராம் எண்தான் கல்லின் கனஅளவு. எடையை அதனால் வகுக்கவும். இந்தக் கறுப்புப் பாறை 2.9 அளவில் வரும், செம்பு 8.9. கசடு நான்கைத் தாண்டுவது அரிது.

நோவை_செந்தில்

கேபின்ல தராசு இருந்துச்சு. காந்தம் ஒட்டவே இல்ல. நாலு பக்கமும் ஆட்டிப் பாத்தேன், 86-ல அப்படியே நிக்குது. கல்லு 640 கிராம். தண்ணியில தொங்கவிட்டா 118. வகுத்தா 5.4 வருது. ஒரு மூலையில சுரண்டினேன், சால்மன் நிறம்தான், பளிச்சுன்னு. பக்கத்துல வெள்ளையா ஒரு கோடு, அதுல எலுமிச்சை ஒரு சொட்டு விட்டா நுரைக்குது.

நிலம் கேபின்காரரோடது. அவர்தான் பின்பக்கக் கழிவுப்பாறை மேட்டுல தோண்டச் சொன்னாரு.

ஹௌட்டன்_தாரணி

செந்தில் அண்ணா, அது செம்புதான்! நுரைச்சது கால்சைட். மிச்சத்தைப் பாறைன்னு எடுத்துக்கிட்டுக் கணக்குப் போட்டா உள்ள சுமார் 440 கிராம் செம்பு இருக்கு. கல்லோட எடையில மூணுல ரெண்டு பங்குக்கு மேல! எலுமிச்சை விட்ட இடத்தை நல்ல தண்ணியில அலசிடுங்க.

கனிமவேள்

கால்சைட் இருந்தால் கசடு அல்ல. 5.4 என்பதும் பொருந்துகிறது. இயற்கைச் செம்பு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதல் பதிவிலேயே இந்த விவரங்களைத் தந்திருக்க வேண்டும்.

மெட்டல்மணி

வாழ்த்துக்கள் தம்பி. அந்த மேட்டுல அயர்ன் ஆடியோவை ஆன்லயே வைங்க, ஆணி தனியா கேக்கும். சென்சிடிவிட்டியை இறக்கச் சொன்னது ஆணி நெரிசலுக்கு இப்பவும் பொருந்தும்.

நோவை_செந்தில்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காலையில போய் விட்டுட்டு வந்த கல்லு மேல எல்லாம் காயிலை ஆட்டினேன். மூணு கத்துச்சு, மிச்சம் சும்மா. கிளம்பிட்டோம்.

பாறைப்பித்தன்

மூணுலயும் வெள்ளைப் புள்ளி இருக்கான்னு பாருங்க. படம் போடுங்க செந்தில், வெயில்ல வெச்சு, தண்ணியில நனைச்சு எடுங்க.

விண்கல்_வேலு

அறுத்துப் பாலிஷ் போட்டா உள்ள செம்பு எப்படி ஓடுதுன்னு முழுசாத் தெரியும். கல்லு அறுக்கிற வைர பிளேடு வெச்சிருக்கிறவங்க நோவைப் பக்கம் யாராவது இருக்கீங்களா?

ஸ்கார்பரோ_அண்ணை

வேலு, செம்பு மெதுமையான சாமான், வைர பிளேட்டில அப்பிக்கொண்டு வெட்டாமல் விட்டிடும். அடிக்கடி செங்கல்லில ஒருக்கா ஓடவிட்டுத் துப்புரவாக்க வேணும். ஒண்டை மட்டும் வெட்டுங்கோ, மற்ற ரெண்டையும் அப்பிடியே விடுங்கோ. செந்தில், கத்தின மூண்டுக்கும் நம்பர் என்ன காட்டினது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ.